கமரா பூட்டுங்கோ, ஆனால் எத்தினை நாள் வைச்சிருப்பியள்?

கொடிகாமம் சந்தையடியில காலமை ஆறரைக்கு நிண்டு பாத்தால் ஏ9 வீதியால என்னெல்லாம் போகுதெண்டு தெரியும். தேங்காய் ஏத்தின லொறி, பள்ளிக்கூட வான், கொழும்பால வாற இரவு பஸ், பருத்தித்துறைப் பக்கம் திரும்புற மோட்டார் சைக்கிள். இடைக்கிடை நம்பர் பிளேட்டில சேறு அப்பின டிப்பர். அந்தச் சேறு மழையால வந்ததில்லை எண்டு சந்தையில உள்ள எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே "கமரா பூட்டினால் என்ன பிழை?" எண்டு எங்கட ஆக்கள் கேக்கேக்க அதைத் தட்டிக்கழிக்க ஏலாது. இலங்கையில் ஒவ்வொரு ஆண்டும் 2,000 இற்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். கொழும்பில் 2024 ஜனவரி 22 முதல் பொலிசார் சிசிடிவி கமராக்களைப் பார்த்தே போக்குவரத்து விதிமீறல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். வாகன இலக்கத்தை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்து, அவருடைய பகுதிப் பொலிஸ் நிலையம் ஊடாக அறிவிக்கிற முறை. கமராவுக்கு ஆயிரம் ரூபாய்த் தாளை மடிச்சு நீட்ட ஏலாது. அது ஒரு பெரிய விசயம்தான்.

ஆனால் இங்க ரெண்டு வேலையைப் பிரிச்சுப் பாக்க வேணும். விதியை மீறினவரின்ர படத்தை எடுக்கிறது ஒண்டு. போற வாற எல்லா வாகனத்தின்ர இலக்கத்தையும் கணினி தானாக வாசிச்சு, எந்த நேரம், எந்தச் சந்தி, எந்தப் பக்கம் எண்டு சேமிச்சு வைக்கிறது இன்னொண்டு. முதலாவது போக்குவரத்துப் பொலிசின் வேலை. இரண்டாவது, ஒரு குற்றமும் செய்யாதவரின் நாட்குறிப்பைப் பொலிஸ் எழுதி வைக்கிறது. ரெண்டுக்கும் ஒரே கம்பம்தான். கீழ நிண்டு பாக்கிற எங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த வீதியில எங்கட அம்மா அப்பாக்கள் ஏற்கனவே பதியப்பட்டவர்கள். 2002 இல் ஏ9 திறந்தபோது முகமாலையில் இறங்கி, பொதியைப் பிரிச்சுக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிக் கடந்தவர்கள். 2006 ஓகஸ்ட்டில் அதே முகமாலையில் சண்டை தொடங்க, வீதி பூட்டப்பட்டது. அந்தக் காலத்தில எங்கட வீடுகள் பயந்த வாகனம் வெள்ளை வான். அதில அனேகமா நம்பர் பிளேட்டே இருக்கிறதில்லை. இலக்கம் வாசிக்கிற கமரா ஆரைப் பிடிக்கும், ஆரைப் பிடிக்காது எண்டு யோசிக்கேக்க எங்களுக்கு முதல் ஞாபகம் வாறது அதுதான்.

அது பழைய கதை, விடுங்கோ எண்டு சொல்லுறவைக்குப் பேர்மிங்காம் கதை ஒண்டு இருக்கு. பிரித்தானியாவின் அந்த நகரத்தில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 200 இற்கும் மேற்பட்ட கமராக்களைப் பூட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இலக்கத்தகடு வாசிப்பவை. சனத்துக்குச் சொன்ன காரணம் குற்றத்தடுப்பு. காசு வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியில் இருந்து. 2010 இல் விசயம் வெளியில வரச் சனம் கிளம்பினது. முதல்ல கமராக்களுக்குப் பை போட்டு மூடி, 2011 இல் கழட்டியே போட்டார்கள்.

இங்க, 1979 இல் தற்காலிகம் எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பல தசாப்தங்களாக இழுத்துக்கொண்டு போற நாட்டில, அதே கதை எப்பிடி முடியும்? கார்த்திகை 27 இல் கொடிகாமம் துயிலுமில்லப் பக்கம் எந்தெந்த மோட்டார் சைக்கிள் போனது எண்டு அறிய முந்தி ஒருத்தர் கொப்பியோட நிக்க வேணும். கமரா இருந்தால் ஒரு பட்டனை அமத்தினால் போதும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராட்டத்துக்குப் போற அம்மாக்களின்ர வானும் அதே பட்டியலில வரும்.

எங்களுக்குள்ளயே இதில ஒத்த கருத்தில்லை. ஒருத்தர் கேட்டார்: "என்ர மாமாவை அடிச்சிட்டு நிக்காமல் போன வாகனம் இண்டைக்கும் பிடிபடேல்லை. ஒரு கமரா இருந்திருந்தால்?" கன நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகும் நாங்கள் வந்து நிண்ட இடம் இதுதான்: அடிச்சிட்டு ஓடின வாகனத்தைத் தேட ஒரு கிழமைப் பதிவு போதும். ஒரு வருசப் பதிவு அந்த மாமாவுக்காக வைக்கிறதில்லை.

இது நடக்க முடியாத ஆசையும் இல்லை. தேடப்படும் பட்டியலோடு பொருந்தாத இலக்கங்கள் உடனடியாக அழிக்கப்பட வேண்டும் எண்டு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 மார்ச்சில் சொல்லிப்போட்டுது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலச் சட்டம் அதுக்குக் குடுக்கிற நேரம் 3 நிமிடம். பிரித்தானியாவில் ஒரு வருசம் வைக்கினம். தொழில்நுட்பம் ஒண்டுதான், சட்டம்தான் வேற. எங்களிட்ட 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 2025 மார்ச்சில நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டிச்சினம். கமராவுக்கு மட்டும் அவசரம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேக்க எங்களிட்ட கேள்விகள் இருக்கு. வடக்கில எந்தச் சந்தியில இலக்கம் வாசிக்கிற கமரா இருக்கு, அல்லது வரப்போகுது? பதிவு எத்தினை நாள் இருக்கும்? போக்குவரத்துப் பிரிவைத் தவிர வேற ஆர் பாக்கலாம்? விண்ணப்பத்தைத் தமிழிலயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு எண்டு மறுத்தால் மேன்முறையீடு, அதுக்குப் பிறகு ஆணைக்குழு. அடுத்த கிழமை அனுப்பிறம். சேர்ந்து கையெழுத்து வைக்க விரும்புறவை எங்களுக்கு எழுதுங்கோ.