குப்பையில் கலையா? கலையின் பேரால் குப்பையா?



"அடுத்த வாரம் பயனற்ற பொருள்களைக் கொண்டு கைவினைப் போட்டி. மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்." ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் ஒலிக்கும் அறிவிப்பு இது. அறிவித்த அன்று மாலையே எழுதுபொருள் கடைகளில் பெற்றோர் கூட்டம் அலைமோதும். கட்டுக்கட்டாகப் புத்தம்புதிய பனிக்கூழ்க் குச்சிகள், பளபளப்புத் தூள், வண்ணப் பஞ்சு உருண்டைகள், சூட்டுப் பசைத் துப்பாக்கி எனப் பட்டியல் நீளும். ஒரு குச்சியிலும் எந்தக் குழந்தையின் நாக்கும் பட்டிருக்காது! இரவெல்லாம் அம்மா ஒட்டுவார், அப்பா வெட்டுவார், பிள்ளை உறங்கும். காலையில் பிள்ளை அதைச் சுமந்து வரும். மூன்று நாள் கண்காட்சி முடிந்ததும் அத்தனையும் பள்ளியின் பின்புறக் குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேரும்.

இதற்குப் பெயர் மறுபயனீடாம்! இல்லை என்கிறேன். காசு கொடுத்துக் குப்பையை வாங்கி, பசை பூசி, பரிசும் கொடுத்து மீண்டும் குப்பையில் போடும் சடங்கு இது. இதைச் செய்துவிட்டு, சுற்றுச்சூழலைக் காத்தோம் என்று மாணவர்களை நம்ப வைப்பதுதான் பெருங்குற்றம்.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய போட்டி ஒன்றில் நடுவராக இருந்தேன். புதுக் குச்சிகளால் கட்டிய மாளிகை ஒன்றுக்கு முதற்பரிசு கொடுத்தோம். மேசையின் கடைசியில் பால் டின் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் ஆணித்துளைகள், உள்ளே ஒரு மெழுகுவத்தி. வண்ணம் இல்லை, மினுக்கம் இல்லை. "யார் உதவினார்கள்?" என்று அந்த மாணவனைக் கேட்டேன். "தாத்தா ஆணி கொடுத்தாரு சார்" என்றான். ஆறுதல் பரிசோடு அவனை அனுப்பி வைத்தோம். பின்னொரு நாள் அவன் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. வாசலில் அந்த டின் விளக்கு தொங்கிக் கொண்டிருந்தது. முதற்பரிசு பெற்ற மாளிகை அப்போது எந்தக் குப்பை மேட்டில் கிடந்ததோ, யாரறிவார்? அன்று நான் தலைகுனிந்தேன். இக்கட்டுரை அந்தத் தலைகுனிவின் விளைவு.

சொல்லின் பொருளை முதலில் பார்ப்போம். கழித்த பொருளை உடைத்துக் கூழாக்கி, தரம் குறைந்த வேறொன்றாக மாற்றுவதைவிட, இருக்கும் நிலையிலேயே அதன் மதிப்பை உயர்த்துவது மேல் என்று செருமானியப் பொறியாளர் ரைனர் பில்ஸ் 1994இல் வாதிட்டார். அதையே இன்று உலகம் 'அப்சைக்கிளிங்' என்கிறது. நாம் 'மதிப்புயர் மறுபயனீடு' என்போம். மதிப்பு உயர வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். கழுவிய ஞெகிழிப் புட்டி ஒன்று தனியாகக் கிடந்தால் அதை மறுசுழற்சிக்கு அனுப்பலாம். அதன்மேல் வண்ணம் பூசி, சூட்டுப் பசையால் துணியையும் பஞ்சையும் ஒட்டி, பளபளப்புத் தூளையும் தூவிவிட்டால் என்ன ஆகும்? பிரித்தெடுக்க முடியாத கலவை ஆகும். எந்தத் தொழிற்சாலையும் அதை ஏற்காது. மறுசுழற்சிக்கு உரியதாய் இருந்த பொருளை நாமே வெறுங்குப்பையாக மாற்றிவிட்டோம். அந்தப் பளபளப்புத் தூளும் ஞெகிழியின் நுண்துகளே. அத்தகைய உதிரித் தூளை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை விதித்தது. நாமோ போர்டிக்சன் கடலுக்கு அருகே அமர்ந்துகொண்டு, 'கடலைக் காப்போம்' என்ற பதாகைக்கே அத்தூளைத் தூவுகிறோம்!

வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற விதி நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று நம் வகுப்பில் இருப்போர் அவ்விதியோடு வளர்ந்த பிள்ளைகள். 2018இல் சீனா ஞெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபோது உலகத்தின் குப்பை நம் நாட்டுக்குத் திரும்பியதையும், சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் மக்கள் அதை எரித்த புகையில் மூச்சுத் திணறியதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? மறுசுழற்சி என்று பெயர் சூட்டிவிட்டால் குப்பை மாயமாக மறைந்துவிடாது என்பதே அந்நிகழ்வு தந்த பாடம். அப்பாடத்தைக் கற்பிக்காமல் குச்சி வீடு கட்டச் சொல்வது எவ்வகைக் கல்வி?

எனக்கு ஆற்றாமை தருவது இன்னொன்று. மறுபயனீடு நமக்கு இறக்குமதிச் சரக்கா? தோட்டத்து மக்களுக்கு யாரும் அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. லயத்து வீடுகளில் எதுவும் எளிதில் குப்பையானதில்லை. பால் டின் குடிதண்ணீர்க் குவளையானது. கயிறு கட்டினால் கடையிலிருந்து காப்பி வாங்கி வரும் பாத்திரமானது. இரண்டு டின்கள் சேர்ந்தால் பிள்ளைகளின் பொய்க்கால் ஆயின. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமந்தது. கோதுமை மாவு மூட்டைத் துணி தலையணை உறையானது. பழம்புடவை ஏணையானது. ரப்பர் கொட்டைகள் பல்லாங்குழிக் காய்களாயின. உடைந்த மங்கில்கூட துளசி வளர்ந்தது. பெரட்டுக்குப் புலருமுன் எழுந்து போன கைகள், திரும்பி வந்த பின் செய்த கலை இது. அதற்குக் கண்காட்சி இல்லை, பரிசும் இல்லை.

அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று, "பழைய டின்னைக் கொண்டுவரக் கூச்சமாக இருக்கிறது" என்கிறார்கள். ஏன்? பழையதைப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். பிறகு அதையே ஆங்கிலப் பெயரோடும் வண்ணப் பெட்டியோடும் கடையில் விற்றபோது, கலை என்று காசு கொடுத்து வாங்கினோம். பாட்டி செய்தால் ஏழ்மை. பெட்டியில் வந்தால் படைப்பாற்றல்! இந்த அவமானத்தைத் துடைக்க வேண்டிய இடம் தமிழ்ப்பள்ளி இல்லையென்றால் வேறெது?

பால் டின்னையே எடுத்துக்கொள்வோம். அது வெள்ளீயப் பூச்சுப் பெற்ற எஃகுத் தகடு. நமக்கு அருகிலிருக்கும் லுக்குட், ஈய லம்பங்களால் செழித்த ஊர். 1847இல் ராஜா ஜுமாஅத் கட்டிய கோட்டையின் எச்சங்கள் இன்றும் குன்றின்மேல் இருக்கின்றன. ஒரு டின்னை மேசைமேல் வைத்து வரலாறு, அறிவியல், கலை ஆகிய மூன்றையும் ஒரே பாடவேளையில் கற்பிக்கலாம். பனிக்கூழ்க் குச்சிக் கட்டில் என்ன வரலாறு இருக்கிறது?

'கழிவுப் பொருளில் உயர்ந்த கலை வருமா?' என்று கேட்போருக்குச் சில சான்றுகள்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், 1957 முதல் யாருக்கும் தெரியாமல் காட்டுப் பகுதியில் ஒரு தோட்டம் அமைத்தார். உடைந்த வளையல்கள், பீங்கான் ஓடுகள், இடிபாட்டுக் கற்கள் ஆகியவையே அவருடைய பொருள்கள். அது 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகமே வந்து பார்க்கிறது.

பொறியாளர் அர்விந்த் குப்தா, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் வட்டாரத்தில் தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து வடிவியல் கற்பித்தார். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது என்பதைக் குழந்தை தன் விரலாலேயே உணர்ந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில் பகுதி மீனவப் பெண்கள் தையற்கூடத்து வெட்டுத்துணிகளைக் கொண்டு விரலளவுப் பொம்மைகள் செய்தார்கள். 'சுனாமிகா' என்று பெயரிட்ட அப்பொம்மையை விலைக்கு விற்காமல் அன்பளிப்பாகவே வழங்கினார்கள். துயரத்தைக் கடக்க அக்கைகளுக்குக் கிடைத்த துணை, ஒரு கந்தல் துணி.

இவர்களில் எவரும் முதலில் கடைக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குறை சொல்வதோடு நிறுத்தினால் என் கடமை முடியாது. கைவினையில் முன்பழக்கமே இல்லாதோரும் செய்யத்தக்க நான்கைக் கீழே தருகிறேன். அனைத்தும் நான் வகுப்பில் செய்து பார்த்தவை.

1. பால் டின் விளக்கு: டின்னின் விளிம்பைத் தட்டி மழுக்கி, முக்கால் பங்கு நீர் ஊற்றி உறைய வையுங்கள். உள்ளே பனிக்கட்டி இருப்பதால் ஆணி அடிக்கும்போது தகரம் நெளியாது. கோலப்புள்ளிகளைத் தாளில் வரைந்து, டின்மேல் சுற்றி, புள்ளிதோறும் துளையிடுங்கள். டின்னைப் பழந்துணி மடிப்பின்மேல் படுக்க வைத்தால் உருளாது. பனி உருகியதும் துடைத்து உலர்த்துங்கள். சுத்தியல் எடுக்கும்போது ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும்.

2. ரப்பர் இலை நரம்பு: செம்பனை சூழ்ந்துவிட்ட நம் வட்டாரத்தில் எஞ்சி நிற்கும் பால்மரத்தைத் தேடிப் போவதே ஒரு பாடம். முற்றிய இலைகளை வாளி நீரில் இரண்டு மூன்று வாரம் ஊற விடுங்கள். இடையிடையே நீரை மாற்றுங்கள். நாற்றம் வரும், பொறுத்துக் கொள்ளுங்கள். சதைப்பகுதி அழுகியதும் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் வலைபோன்ற நரம்பு மட்டும் நிற்கும். நாளிதழ் மடிப்பில் உலர்த்தினால் வாழ்த்தட்டைக்கும் புத்தகக் குறிக்கும் உதவும்.

3. நாளிதழ்க் கூடை: சத்தே குச்சியை மூலையில் வைத்துத் தாளைச் சாய்வாகச் சுருட்டினால் உறுதியான குழல் கிடைக்கும். பசைக்கு மரவள்ளி மாவுக் கஞ்சி போதும். குழல்களை ஓலை முடைவதுபோல் முடையுங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. வீட்டில் தமிழ் நாளிதழ் இருக்கிறதா என்று மாணவரைத் தேட வைப்பதற்காகவும் இதைச் செய்யலாம்.

4. கைலிப் பின்னல் விரிப்பு: கிழிந்த கைலி, பழைய சட்டை ஆகியவற்றை இரு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி தயார். சடை பின்னத் தெரிந்த பிள்ளைக்கு வேறு பயிற்சி வேண்டாம். இதைப் பாட்டியிடம் கேட்டுச் செய்துவரச் சொல்லுங்கள். பின்னலோடு கதையும் வரும்.

இனி, மறுப்புரைகளுக்கு வருகிறேன்.

"நேரமில்லை ஐயா, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்" என்பர். உருவமைத்தலும் பாரம்பரியக் கைவினையும் காட்சிக் கலைக்கல்வியிலேயே இருக்கின்றன. இது பாடத்திற்கு வெளியே அன்று, பாடமே இதுதான்.

"ஆணியும் சுத்தியலும் ஆபத்து" என்பர். சூட்டுப் பசைத் துப்பாக்கி மட்டும் குளிர்ச்சியானதா? விரல் சுட்டுக்கொண்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

"அழகில்லாவிட்டால் போட்டியில் மதிப்பெண் கிடைக்காது" என்பர். இதுதான் உண்மையான தடை. இதற்குப் பொறுப்பு நடுவர்களாகிய நாம். ஆகவே போட்டி விதியை மாற்றுவோம். என் பரிந்துரை எளிது. பொருள் வீட்டில் ஏற்கெனவே இருந்ததா? கடையில் வாங்கியது பசையைத் தவிர வேறேதும் உண்டா? பிள்ளையே செய்ததா, செய்முறையை வாய்மொழியாக விளக்க இயலுமா? ஓராண்டு கழித்தும் அது வீட்டில் பயன்படுமா? பயன் தீர்ந்தால் பிரித்தெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப முடியுமா? இந்த ஐந்து கேள்விகளுக்கே பெரும்பகுதி மதிப்பெண் கொடுங்கள். மறுநாளே எழுதுபொருள் கடையில் கூட்டம் குறையும். தாத்தா பாட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றனர் நம் முன்னோர். புல்லைக்கூடக் கடையில் வாங்கும் பிள்ளைகளை உருவாக்கிவிட்டு வல்லவரை எங்கே தேடுவது?

அந்தப் பால் டின் விளக்குக்கு உரிய முதற்பரிசை இனி என்னால் கொடுக்க இயலாது. அடுத்த போட்டியில் அப்படியொரு டின் மேசையின் கடைசிக்குத் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்ள இயலும். ஆசிரியத் தோழர்களே, உங்களாலும் இயலும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!