பாத்திரம் அதிர்ந்தால் பெரிய நிலநடுக்கம் வருமா?

கேள்வி: திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் சில நாட்களாகப் பகலில் பாத்திரங்கள் அதிர்கின்றன. ஒருமுறை இரவிலும் அதிர்ந்தது. பெரிய நிலநடுக்கத்துக்கு முன் இப்படித்தான் வருமாம். மல்லாட்டை காயப்போட்ட களத்திலேயே குடும்பத்தோடு படுக்கிறோம். வீட்டுக்குத் திரும்பலாமா?

பதில்: பெரிய நிலநடுக்கத்துக்கு முன் சிறு அதிர்வுகள் வருவது உண்டு. அவற்றை முன்னதிர்வு என்பார்கள். ஆனால் வந்தது முன்னதிர்வுதானா என்பது பெரியது வந்த பிறகே தெரியும். சங்கடம் அங்கேதான். சீனாவின் ஹைசெங்கில் 1975 பிப்ரவரி 4 அன்று சிறு அதிர்வுகள் பெருகியதைக் கண்டு மக்களை வெளியேற்றினார்கள். அன்று மாலையே 7.3 அளவில் பூமி குலுங்கியது. மறு ஆண்டு ஜூலையில் தாங்ஷானில் அப்படி எந்த முன்னறிகுறியும் இல்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் நாட்டில் நினைவில் வைக்க வேண்டியது மகாராஷ்டிரத்தின் கில்லாரி. அதுவும் விவசாயக் கிராமம்தான். 1992 அக்டோபர் வாக்கில் அங்கே அடிக்கடி நிலம் அதிர்ந்தது. மக்கள் பயந்தார்கள். பிறகு அதிர்வு அடங்கியது, பயமும் போனது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன் 6.2 அளவில் நடுக்கம் வந்தது. முந்தைய நாள் விநாயகர் ஊர்வலம் முடித்து அயர்ந்து தூங்கியவர்கள்மேல், மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல்சுவர்களும் மண்கூரையும் சரிந்தன. 8,000 முதல் 10,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. உயிர் குடித்தது பெரும்பாலும் சுவர்தான்.

நம் பக்கத்தில் 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் சுமார் 5.5 அளவில் நடுக்கம் வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலும் மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதைவிடப் பெரியது பின்னால் வரவில்லை. பொதுவாகவே ஒரு நடுக்கத்துக்குப் பின் சில நாட்களில் அதைவிடப் பெரியது வருவது நூற்றில் ஐந்தாறு தடவைதான்.

திண்டிவனம், வானூர் பக்கம் கல்குவாரிகள் நிறைய. பகலில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், சத்தத்தோடு அதிர்ந்தால் அது பெரும்பாலும் வெடிதான். இரவில் அதிர்ந்தால் மணி பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நிமிடம் செஞ்சியிலும் விழுப்புரத்திலும் உள்ள உறவினர்கள் உணர்ந்தார்களா என்று கேட்கலாம். உணர்ந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணிலோ சொல்ல வேண்டும். வெடியால் சுவர் விரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பொறுத்துப் போக அவசியமில்லை.

வீடு செங்கல், சிமெண்ட் கட்டடமாக, விரிசல் இல்லாமல் இருந்தால் தாராளமாகத் திரும்பலாம். மண்சுவரோ, மண்சாந்துக் கல்சுவரோ பிதுங்கியிருந்தால் அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. நடுக்கம் வராவிட்டாலும் ஐப்பசி மழை அதைச் சாய்த்துவிடும். பரண்மேல் உள்ள கனமான சாமான்களைக் கீழே இறக்கிவிடலாம்.

களத்தில் வெறுந்தரையில் படுப்பதை இன்றே நிறுத்துவது நல்லது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். காவலுக்கு ஒருவர் போதும், அவரும் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்கட்டும்.