சீட்டுக்கு எதற்கய்யா கண்ணாடி?

அடுக்கம் மாதிரி ஒரு மலையூரில், மழைக்கு ஒதுங்கிய நாலு பேர் திண்ணையில் ரம்மி போட்டால் அது 'வெட்டிப்பயல் வேலை'. அதே சீட்டு வட்டமாக, கையால் வரைந்து, நூறு வருடப் பழசாக இருந்தால் 'கலைப்பொருள்'. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிடுவார்கள். ரொம்ப நல்லா இருக்கு நியாயம்!

கஞ்சீஃபா சீட்டைத்தான் சொல்வது. பாரசீகத்திலிருந்து வந்த ஆட்டம். சிந்துவில் இருந்த ஷா ஹசன் ஆசைப்பட்டுக் கேட்டதால் 1527-ல் பாபர் அனுப்பி வைத்தார். பாபர் நாமாவிலேயே இருக்கிறது. கேட்டவர் ஆடத்தான் கேட்டார், சுவரில் மாட்ட அல்ல.

முகலாயக் கட்டில் 8 வகை, 96 சீட்டு. நம்மவர்கள் கையில் அது தசாவதாரம் ஆனது: மச்சம் முதல் கல்கி வரை 10 வகை, வகைக்கு ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண்கள், ஆக 120. பாதி வகைகளில் பத்து பெரிசு, மீதியில் ஒன்றுதான் பெரிசு! பகலில் ஆடினால் ராமர் முதலில் இறங்குவார், ராத்திரி என்றால் கிருஷ்ணர். எது போச்சு, எது பாக்கி என்று மனசில் வைத்துக்கொண்டே ஆட வேண்டும். மைசூர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இதோடும் திருப்தியடையாமல் 360 சீட்டு வரை இழுத்துக்கொண்டு போனார். (மனுஷனுக்குப் பொறுமை ஜாஸ்தி.)

இத்தனை மூளை உழைத்த ஆட்டத்தில் இன்று மிச்சம் என்ன? "கலர் சூப்பர்".

சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இதுவும் மிஞ்சியிருக்காது என்பார்கள். ஓரளவு உண்மை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 1982-ல் கஞ்சீஃபா பற்றித் தனிப் புத்தகமே போட்டது. சாவந்த்வாடி ராஜ குடும்பம் 1970-களில் ஒரு முதிய ஓவியரிடம் தொழிலைக் கற்று அழியாமல் காப்பாற்றியது. அதற்கெல்லாம் கும்பிடு.

ஆனால் பி.காம். படிக்கிற எவனும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. துணியில் புளியங்கொட்டைப் பசை தடவி, அடுக்கி ஒட்டி, வெட்டி, வரைந்து, அரக்குப் பூசுகிற ஓவியருக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்? ஆடுகிறவன் கையில் சீட்டு தேயும், தொலையும், திரும்ப வாங்குவான். அவனுக்காகத்தான் மலிவான 'பஜார்' கட்டு என்று தனியாகவே செய்தார்கள். தந்தமும் ஆமை ஓடும் தர்பாருக்கு. ஷோகேஸ்காரர் ஒரே ஒரு கட்டு வாங்குவார், பூட்டி வைப்பார், அதோடு சரி. அச்சடித்த சீட்டு மலிவாக வந்து பாதி சாகடித்தது. மீதியை இந்த 'ரசனை' செய்துகொண்டிருக்கிறது.

இதைவிடக் கொடுமை, பழைய கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்பது. ஒரு சீட்டு குறைந்தாலும் ஆட்டம் செத்தது. ஒடிசாவில் இன்றும் சில ஊர்களில் பெரியவர்கள் 'கஞ்சப்பா' ஆடுகிறார்கள். விதிகள் அவர்கள் தலைக்குள் இருக்கின்றன. அதைக் கேட்டு எழுதி, தமிழிலும் அச்சடித்து, விற்கிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாளாக வைக்க எவ்வளவு செலவாகும்? அதுவரை, வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "120-ம் இருக்கா?" என்று கேட்கட்டும்.