'உலா' போகலாம்... நம்பலாமா?



காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் என் அம்மா விற்பவர் பேச்சைக் காதில் வாங்க மாட்டார். "இப்பத்தான் போட்ல வந்துச்சும்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் விரல் செவுளைத் தூக்கிப் பார்த்துவிடும். சிவப்பாக இருந்தால்தான் விலையே கேட்பார். இத்தனைக்கும் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மூணு வருஷமாகக் கம்ப்யூட்டர் படிக்கிற நான்தான் செவுள் பார்க்காமல் ஏமாந்தேன்.

போன வருஷம் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். குரோமில் 'இன்காக்னிட்டோ' ஜன்னலைத் திறந்து, மெயிலில் இருந்த ஆதார், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இறக்கி, விண்ணப்பத்தில் ஏற்றினேன். ஜன்னலை மூடினேன். "வேற யாரும் பாத்துட மாட்டாங்களேப்பா?" என்றார் அப்பா. "மூடினா எல்லாம் அழிஞ்சிடும்" என்றேன். "நீ படிச்சவன், சொன்னா சரிதான்" என்றார்.

நாலு நாள் கழித்து அதே மெஷினில் உட்கார்ந்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அத்தனையும் வரிசையாக இருக்கிறது! நடுவில் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்து எழுந்தார்களோ?

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இறக்கிய ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும் என்று அந்தக் கறுப்புத் திரையிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது நான். அப்பா என்னை நம்பினார். நான் ஒரு பெயரை நம்பினேன்.

நான் மட்டுமா? இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் கூகுள் தகவல் சேகரிக்கிறது என்று 2020-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசம் ஆனது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், அந்த அறிவிப்பைத் தெளிவாக மாற்றி எழுதவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

"அதான் நம்ம ஊர் 'உலா' இருக்கே!" என்கிறார்கள் வகுப்புத் தோழர்கள். உண்மைதான். கூடுவாஞ்சேரி பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பிரௌசர் அது. பின்தொடரும் நிரல்களையும் விளம்பரங்களையும் தடுக்கும் என்பதுதான் அதன் விளம்பரமே. மத்திய அரசு நடத்திய இந்திய பிரௌசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய். எனக்கும் பெருமைதான். ஆனால் தமிழ்ப் பெயரும் பரிசும் செவுள் ஆகுமா?

இதே வாக்குறுதியோடு வந்த மற்றவர்களைப் பாருங்கள். 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத், ஆறு பிரௌசர்கள் தங்கள் கம்பெனிக்கு என்னென்ன அனுப்புகின்றன என்று அளந்தார். மிக நல்ல பெயர் வாங்கியது 'பிரேவ்'. அதே வருஷம் அதே பிரேவ், பயனர் 'பைனான்ஸ்' தள முகவரியை டைப் செய்தால் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்துவிடுகிறது என்று மாட்டிக்கொண்டது. தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். 2022-இல் 'டக்டக்கோ' பிரௌசர் மற்றவர்களின் பின்தொடரும் நிரல்களைத் தடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்டுடையதை மட்டும் பல தளங்களில் விட்டுவைத்தது வெளியே வந்தது. காரணம், இருவருக்கும் இடையே இருந்த தேடல் ஒப்பந்தம். சத்தம் கிளம்பிய பிறகுதான் தடுப்பை விரிவாக்கினார்கள்.

இவற்றை வைத்து எல்லாருமே திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு தவறுமே வெளியாள் ஒருவர் தோண்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது, திருந்தியது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, இலவசமாகத் தருகிறவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? விளம்பரம் தன் தொழிலல்ல, நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றே சம்பாதிக்கிறோம் என்கிறது ஸோஹோ. இது உலாவுக்கு நல்ல மதிப்பெண். இரண்டு, வெளியாள் சோதிக்க வழி உண்டா? உலாவின் அடித்தளமான குரோமியம் எவரும் படிக்கக்கூடிய திறந்த நிரல். ஆனால் அதன் மேல் கம்பெனி எழுதிச் சேர்த்ததையும் அதுபோலப் படிக்க முடிந்தால்தான் முழு மதிப்பெண். மூன்று, திறந்தவுடன் அது யாரோடு பேசுகிறது?

மூன்றாவதற்கு நாம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நம் நெட்வொர்க் லேபிலேயே 'வயர்ஷார்க்' இருக்கிறது. உள்ளடக்கம் பூட்டியிருக்கும், ஆனால் எந்தெந்த முகவரிக்குத் தொடர்பு போகிறது என்பது தெரியும். உலா, குரோம், பிரேவ் மூன்றையும் புதிதாகப் போட்டு, பத்து நிமிஷம் சும்மா விட்டு, எழுதிவைத்து ஒப்பிடலாமே! பேரவை ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தால் நானே முதலில் வருகிறேன்.

"நம்மகிட்ட என்னடா இருக்கு, திருடறதுக்கு?" என்று கேட்கும் நண்பா! நம்மில் பலர் வீட்டில் முதலில் படித்தவர்கள். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், அம்மாவின் மருத்துவச் சீட்டு எல்லாமே நம் விரல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகின்றன. நாம் "சரி" என்றால் வீடே கையெழுத்துப் போடுகிறது.

உலாவைப் போட்டுப் பாருங்கள், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் "நம்பலாம்ப்பா" என்று என் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. செவுளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை, ராயபுரம்