லாரி மோதினா 5 லட்சம்... தடுப்பூசியில் பாதிப்பு வந்தா?

மீஞ்சூர்:

காட்டுப்பள்ளி ரோட்டில் கன்டெய்னர் லாரி மோதி ஒருத்தர் இறந்தால், தப்பு யார் மேல என்று நிரூபிக்காமலே அவர் குடும்பம் ரூ.5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாம். படுகாயம் என்றால் ரூ.2½ லட்சம். மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவு. 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

அதே வீட்டுக் குழந்தைக்கு தடுப்பூசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? கதையே வேற!

இது நம்ம மாவட்டம் பார்க்காத சோகம் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. தமிழகமே அதிர்ந்தது. ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது.

எந்த கோர்ட்டுக்குப் போவது?

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று தோணும். அங்கேதான் சிக்கல். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அரசு போடும் தடுப்பூசி இலவசம்தானே!

மிச்சம் இருப்பது சிவில் கோர்ட்டும் ஐகோர்ட்டும். சிவில் கோர்ட்டில் கவனக்குறைவை நிரூபிக்கணும். மருந்து கெட்டுப்போயிருந்ததா, குளிரில் வைக்கவில்லையா என்ற ரெக்கார்டு எல்லாம் அதிகாரிகள் கையில். வலை இழுத்துப் பிழைக்கிறவர் அதை எங்கே போய் வாங்குவார்? யார் மேலயும் தப்பே இல்லாமல், உடம்புக்கு ஒத்துக்காமல் போயிருந்தால் அந்த வழக்கும் நிற்காது.

கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மகள்களை இழந்த பெற்றோர் சுப்ரீம் கோர்ட் படியேறினார்கள். அரசு பொறுப்பேற்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் சொன்னது.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. தடுப்பூசியால் கடும் ஊனம் என்றால் மொத்தமாக ஒரு தொகை. அமெரிக்காவில் 1986-ல் சட்டம். தடுப்பூசி மீது சின்ன வரி போட்டு, அந்தப் பணத்தில் நஷ்டஈடு கொடுக்கிறார்கள். தப்பு யாருடையது என்ற கேள்வியே இல்லை.

இதற்காக ஊசியே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. போலியோ இல்லாத நாடு என்று 2014-ல் இந்தியா பெயர் வாங்கியது தடுப்பூசியால்தான். கடும் பாதிப்பு ரொம்ப அபூர்வம். ஆனால் ஊர் நன்மைக்குப் போடும் ஊசியில் ஒரு வீட்டுக்கு இடி விழுந்தால், அந்தச் சுமையை ஊரே தாங்குவதுதானே நியாயம்? லாரிக்கு இருக்கும் சட்டம் ஊசிக்கும் வேண்டும்.

கவனிக்க: தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்க. பாதிப்பு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சுகாதார நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்க. பெண்கள், குழந்தைகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். போன்: 15100.