குடிக்காமலே மப்பு

தூக்கத்துக்குன்னு போடற மாத்திரை வேலை செஞ்சுதான்னு ராத்திரியை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. மறுநாள் காலைல பத்து மணியை வெச்சுதான் முடிவு பண்ணணும். நான் சொல்ல வர்றது மொத்தமே இவ்ளோதான். அவசரத்துல இருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிக்கலாம் :) மத்தவங்க வாங்க, கொஞ்சம் விளக்கமாவே பேசுவோம்.

ஏழெட்டு மாசமா எனக்குத் தூக்கம் சரியில்லை. வாரத்துல மூணு நாள் துறையூர் வீட்டுல இருந்தே வேலை, ரெண்டு நாள் திருச்சி ஆபீஸ். அமெரிக்காக்காரங்களோட கால் முடிய ராத்திரி பதினொண்ணரை ஆயிடும். அப்புறம் படுத்தா மூணு மணி வரைக்கும் ஃபேன் சுத்தறதை எண்ணிட்டு இருப்பேன். கடைசில திருச்சியில ஒரு டாக்டரைப் பார்த்தேன். மிர்டாஸபின் எழுதிக் கொடுத்தார், ராத்திரிக்கு ஒண்ணு. முதல் நாளே அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ஆஹான்னு இருந்துச்சு.

கூத்து ஆரம்பிச்சது எழுந்த பிறகுதான். தலைக்குள்ள யாரோ ஈரச் சாக்கைப் போட்டு மூடின மாதிரி. பத்து மணி மீட்டிங்ல என் பேரைக் கூப்பிட்டா, அது என் பேர்தான்னு புரியவே ரெண்டு நொடி ஆகுது. நாலு வரி கோடை நாலு தடவை படிக்கறேன். அம்மா தன் பங்குக்கு, "ராத்திரி பூரா தூங்கிட்டு இன்னும் என்னடா சோம்பேறித்தனம்?"னு ஆரம்பிச்சுட்டாங்க.

இது சோம்பேறித்தனம் இல்லை மக்களே, கணக்கு.

மிர்டாஸபின் அடிப்படையில மனச்சோர்வுக்கான மருந்து. அமெரிக்காவுல 1996-ல அதுக்குத்தான் அனுமதி கிடைச்சது. தூக்கம் வர வைக்கறது அதோட பக்க விளைவு. அந்தப் பக்க விளைவையே டாக்டர்கள் சில பேருக்கு மருந்தா பயன்படுத்தறாங்க. மூளையில நம்மை விழிப்பா வெச்சிருக்கற சமாச்சாரங்கள்ல ஹிஸ்டமின் ஒண்ணு. இந்த மாத்திரை அதோட வாசலை அடைச்சுடுது. அரிப்புக்கு அவில் போட்டா ஏன் சாமியாடறோம்? அதே கதைதான்.

ஆனா இதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. பிளஸ் டூ வேதியியல்ல அரைவாழ்வுக் காலம்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? மிர்டாஸபினுக்கு அது 20-லிருந்து 40 மணி நேரம். நடுவுல 30-னு வெச்சுக்குவோம். ராத்திரி 11 மணிக்குப் போட்டது காலைல 7 மணிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? ரெண்டின் அடுக்கு மைனஸ் 8 கீழ் 30. சுமார் 83 சதவீதம்! அது தீரறதுக்குள்ள அடுத்த ராத்திரி மாத்திரை வந்து சேர்ந்துக்குது. இப்படியே நாலஞ்சு நாள் ஏறி, அப்புறம் ஒரு மட்டத்துல நிக்குது. அப்ப காலைல மப்பு இருக்கறது அதிசயமா, இல்லாம இருந்தாதான் அதிசயமா?

இதே வேலைக்குக் கொடுக்கற ட்ராஸடோனுக்கு அந்தக் காலம் 5-லிருந்து 9 மணி நேரம்தான். மனச்சோர்வுக்குத் தினம் 75-லிருந்து 150 மில்லிகிராம் வரை கொடுக்கற டாக்ஸெபின்னு ஒரு பழைய மருந்து. அதையே வெறும் 3, 6 மில்லிகிராம் அளவுல தூக்கமின்மைக்குன்னு 2010-ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. ஆக மருந்தும் அளவும் மாறினா காலையும் மாறும். மாத்தறதுக்கு வழி இருக்குங்கறதுதான் விஷயம்.

என் ஆதங்கமே இங்கதான். மாத்திரை எழுதும்போது "தூக்கம் வரலையா?"ன்னு கேட்கறாங்க. "காலைல எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்? என்ன வேலை? வண்டி ஓட்டுவீங்களா?"ன்னு கேட்கறது குறைவு. மெடிக்கல் ஷாப்ல அட்டையைக் கத்தரிச்சு நாலு மாத்திரை கொடுக்கறாங்க, அதுல மருந்து பேர் பாதி போயிடுது. மிச்சம் இருக்கற பொடி எழுத்தும் இங்கிலீஷ்ல. "இது மறுநாளும் மயக்கம் தரலாம், வண்டி ஓட்டாதீர்கள்"னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவாயிடும்?

ஓவரா பயமுறுத்தறேன்னு தோணுதா? ஸோல்பிடம்னு ஒரு தூக்க மாத்திரை. அரைவாழ்வுக் காலம் சுமார் ரெண்டரை மணி நேரம்தான். அதுக்கே மறுநாள் காலைல வண்டி ஓட்டற அளவுக்கு நிதானம் இல்லாம போகுதுன்னு, 2013-ல அமெரிக்க மருந்துத் துறை பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராம்ல இருந்து 5-ஆ குறைக்கச் சொல்லிடுச்சு. ரெண்டரை மணி நேரத்துக்கே இந்தப் பாடுன்னா முப்பது மணி நேரத்துக்கு?

நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 கூட குடியை மட்டும் சொல்லலை. மருந்தின் பிடியில வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில ஓட்டறதும் அதுல வருது. துறையூர்ல இருந்து புலிவலம், திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி திருச்சி போற ரோட்டுல காலை நேரத்துல பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அரை நொடி கண்ணு சொருகினா என்ன ஆகும்னு. நான் ரெண்டாவது நாளே பைக் சாவியை அம்மாகிட்ட கொடுத்துட்டு பஸ்ல போக ஆரம்பிச்சேன்.

அப்புறம் டாக்டர்கிட்ட திரும்பப் போய் இந்தக் காலைக் கதையைச் சொன்னேன். ஒரு வாரம், பத்து நாள்ல பலருக்கு உடம்பு பழகி மப்பு குறையும்னார். நானா பாதியா உடைச்சுப் போட வேணாம்னும் சொன்னார். இந்த மருந்துல அளவு குறைஞ்சாலும் தூக்கக் கலக்கம் குறையணும்னு இல்லையாம். திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு படுத்துமாம். மாத்திரையை மட்டும் சீக்கிரம் போடச் சொன்னார். சீக்கிரம் போட்டா ரத்தத்துல இருக்கற அளவு பெருசா மாறிடாது. ஆனா சீக்கிரம் படுக்கலாம், எட்டு மணி நேரம் முழுசா கிடைக்கும்.

அதுக்கு ராத்திரி கால் முன்னாடி நகரணுமே? மேனேஜர்கிட்ட கேட்டேன். "தூக்கத்துக்கு மருந்து எடுத்துக்கறேன்"னு மட்டும் சொன்னேன், எந்த வகை மருந்துன்னு சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வாரம் இழுத்தடிச்சு, ஒன்பது மணிக்கு முடிச்சுக்க ஒத்துக்கிட்டாங்க.

காபி? நம்ம ஊர் டிகிரி காபி மேல எனக்கும் பக்தி உண்டு. ஆனா காபி அடைக்கறது அடினோசின் வாசலை. ஹிஸ்டமின் வாசல்ல மாத்திரை போட்ட பூட்டை அது திறக்காது. காலைல ஒண்ணு ஓகே. மதியம் மூணு மணிக்கு நாலாவது டம்ளர் போட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கமும் காலி. சளிக்குன்னு கடையில கேட்டு வாங்கற மாத்திரையும் மப்பைக் கூட்டலாம், அதனால டாக்டரைக் கேட்காம அதையும் தொடறதில்லை. தண்ணி சமாச்சாரத்தைச் சொல்லவே வேணாம்.

எனக்கு நிஜமா உதவினது, எவ்வளவு மப்பா இருந்தாலும் ஆறரைக்கு எழுந்திருச்சு மொட்டை மாடி வெயில்ல அரை மணி நேரம் பெருமாள் மலையைப் பார்த்துட்டு நடக்கறது. மப்பா இருக்கேன்னு ஒன்பது வரைக்கும் தூங்கினா அன்னிக்கு ராத்திரி மறுபடி ஃபேன் எண்ண வேண்டியதுதான். எழுந்திருக்கற நேரத்தை மாத்தாம வெச்சுக்கறது, தூக்கம் வந்தா மட்டும் படுக்கைக்குப் போறது, இதெல்லாம் சேர்ந்த சிபிடி-ஐ பயிற்சியைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல கொடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லியிருக்கு. என் டாக்டரும் மாத்திரையை மெல்லக் குறைக்கறதுக்குள்ள இதைப் பழகிக்கணும்னு சொல்லியிருக்கார்.

"மனநோய் மாத்திரையா? ஜாதிக்காயைப் பால்ல போட்டுக் குடி"ன்னு சொன்ன சொந்தங்களுக்கு ஒரு கும்பிடு. தூக்கம் வராதவனுக்கு வேண்டியது அறிவுரையும் இல்லை, பேட்டை ரவுடி மாதிரி அடிச்சுப் போடற மாத்திரையும் இல்லை. மறுநாள் மனுஷனா நடமாடணும், அவ்வளவுதான்.

மூணாவது வாரம் ஆச்சு. மப்பு முக்கால்வாசி போயிடுச்சு. பைக் சாவி இன்னும் அம்மாகிட்டதான் இருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேணாம், உங்க டாக்டரைக் கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யார்கிட்ட பேசறதுன்னு தெரியலைன்னா 14416. அரசாங்கம் 2022-ல ஆரம்பிச்ச டெலி-மானஸ். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.