அரை டிக்கெட்டுக்கும் ஒரு முழு சீட்

போன பொங்கல் லீவுல எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பிளான் ஓடிச்சு. காலையில சின்னமனூர்ல கிளம்பி மேகமலை, மதியம் இறங்கி சுருளி அருவி, அப்படியே குமுளி ஏறி தேக்கடி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. எல்லாம் ஒரே நாள்ல. மேப்புல பார்த்தா எல்லாமே பக்கத்துல பக்கத்துலதான் தெரியும். நானும் பார்த்துட்டு தம்ஸ் அப் போட்டேன்.

அடுத்து ஆள் கணக்கு. வண்டி ஏழு சீட்டர். "பெரியவங்க ஏழு பேர், கரெக்டா இருக்கு"ன்னு சித்தப்பா மெசேஜ் போட்டார். "அப்ப பிள்ளைக?"ன்னு அக்கா கேட்டா. "அதுக அரை டிக்கெட்டு தானத்தா, மடியில உக்காந்துக்கிரும்"னு பதில் வந்துச்சு.

அக்கா மகனுக்கு அப்போ நாலு வயசு, மகளுக்கு ஒன்றரை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரி பதிலைப் பத்தித்தான்.

தென்பழனி செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சோம். பையன் என் மடியில. மொட்டை போட்டதும் காது குத்தினதும் இதே தாய்மாமன் மடியில வச்சுத்தான், அதனால யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரல. எனக்கும் வரல. கொஞ்ச நேரத்துல, "மாமா, எனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு எந்திரிச்சு முன் சீட் ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டான். அஞ்சாவது வளைவோ ஆறாவதோ, திரும்பும்போது எதிர்ல ஒரு ஜீப். சித்தப்பா பிரேக் அடிச்சார். வண்டி இருபத்தஞ்சுலதான் போயிருக்கும். ரெண்டு வண்டியும் உரசக்கூட இல்ல. ஜீப்காரர் கையைக் காட்டிட்டுப் போயிட்டார்.

பையன் மட்டும் கியர் பக்கம் போய் விழுந்தான். வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒண்ணு உடைஞ்சு, கீழ் உதடு கிழிஞ்சிருந்துச்சு. என் கை அவன் இடுப்பைச் சுத்தித்தான் இருந்துச்சு. பிடிச்சிருக்கோம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்படியே வண்டியைத் திருப்பி இறங்கினோம். மூணு தையல். அம்மாச்சி, கண்ணு பட்டுருச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. சித்தப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. ஆனா யோசிச்சுப் பார்த்தா சித்தப்பா மேல தப்பே இல்ல. மெதுவா வந்தார், ஹாரன் அடிச்சார், சரியான நேரத்துல நிறுத்தினார். தப்பு இருந்தது பிளான்ல. பேம்பர்ஸ் இருந்துச்சு, பிஸ்கட் இருந்துச்சு, மாத்துத் துணி மூணு செட் இருந்துச்சு. பிள்ளைக உட்கார இடம் மட்டும் இல்ல.

நான் படிக்கிறது இன்ஜினியரிங். நாலு வருஷமா போடுற கணக்கை வீட்டு வண்டிக்குப் போட்டுப் பார்த்தது தையல் போட்ட அன்னைக்குத்தான். அதுவும் பிரேக் அடிச்சதுக்கு இல்ல, அந்த ஜீப் மேல மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு. முப்பது கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 8.3 மீட்டர். மோதி 0.1 விநாடியில வண்டி நிக்குதுன்னு வச்சுக்குங்க. மடியில இருக்கிற பாப்பா 10 கிலோ. F = ma போட்டா கிட்டத்தட்ட 830 நியூட்டன், அதாவது 85 கிலோ எடையைத் தூக்குற பலம். ஒன்றரை மூட்டை சிமென்ட்டுக்கும் மேல. எதிர்பாராத அந்த ஒரு நொடியில, அதைப் பிடிச்சு நிறுத்த எந்த அம்மா கையாலயும் முடியாது. பாசம் வேற, நியூட்டன் வேற. அம்மாவும் பெல்ட் போடலைன்னா இன்னும் மோசம், அம்மாவோட எடையும் சேர்ந்து பிள்ளை மேலதான் விழும். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட்டுக்குள்ள கட்டுறதும் இதே கதைதான்.

"நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்லுவாங்க. ஒண்ணும் ஆகாதவங்க மட்டும்தானே இன்னைக்கு இருந்து அதைச் சொல்ல முடியும்?

நம்ம பக்கத்து ரோடு எப்படின்னு நமக்குத் தெரியாததா? 2022 டிசம்பர் 23 ராத்திரி, சபரிமலை போயிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் திரும்பிக்கிட்டு இருந்த கார் குமுளி மலைப்பாதையில பள்ளத்துல விழுந்து 8 பேர் இறந்துபோனாங்க. அந்த வாரம் தேனி மாவட்டத்துல இதைப் பத்திப் பேசாத டீக்கடை இல்ல. யார் மேல தப்புன்னு நான் இங்க சொல்ல வரல. அந்த வளைவுகள்ல நாமளும் நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத்தான் போறோம், வர்றோம். அதை மட்டும்தான் ஞாபகப்படுத்துறேன்.

சட்டம் இல்லாம இல்ல. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாம கார்ல கூட்டிட்டுப் போனா ஓட்டுறவருக்கு 1000 ரூபாய் அபராதம். 2023-ல வந்த பாரத் என்கேப் கிராஷ் டெஸ்ட்ல, குழந்தைப் பாதுகாப்புக்குன்னே தனியா 49 மார்க். ஒன்றரை வயசு, மூணு வயசுப் பிள்ளைக அளவுல பொம்மை செஞ்சு, அதைச் சீட்ல கட்டி மோதவிட்டுப் பார்க்கிறாங்க. நாம "அஞ்சு ஸ்டார் வண்டி மச்சி"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோமே, அந்த ஸ்டார் பிள்ளையைச் சீட்ல கட்டினதுக்குக் கிடைச்சது. மடியில வச்சதுக்கு இல்ல.

அரை டிக்கெட்ங்கிறது பஸ், ரயில்ல இருந்து வந்த வார்த்தை. அரசு பஸ்ல 5 வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாதுன்னு 2022-ல அறிவிச்சாங்க. நல்ல விஷயம், நிறைய குடும்பத்துக்கு உதவி. ரயில்லயும் 5 வயசுல இருந்து 12-க்குள்ள அரை டிக்கெட் உண்டு. ஆனா 2016-ல இருந்து பிள்ளைக்குத் தனி பெர்த் வேணும்னா முழு டிக்கெட் எடுக்கணும். அப்ப எல்லாரும் திட்டினோம். ஆனா அதுல ஒரு உண்மை இருக்கு. அரை டிக்கெட்ங்கிறது காசுக் கணக்கு. இடம்னு வந்தா பிள்ளைக்கும் ஒரு முழு இடம் வேணும். நம்ம வீட்டுல காசுக் கணக்கை எடுத்து இடக் கணக்குல போட்டுட்டோம்.

சரி, காசு? குழந்தை சீட் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லா வீட்டுலயும் அது முடியாது, எங்க வீட்டுலயும் யோசிச்சாங்க. ஆனா ஒரு பிள்ளைக்கு வாங்கினதை அடுத்த பிள்ளைக்கு, சித்தி மகளுக்கு, பெரியப்பா பேரனுக்குன்னு கொடுக்கலாம். தொட்டில் அப்படித்தானே நம்ம வீடுகள்ல கை மாறிக்கிட்டே இருக்கு? விபத்துல அடிபட்ட சீட்டா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கைக்குழந்தைன்னா பின் சீட்ல, பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டணும். ஏர்பேக் இருக்கிற முன் சீட்ல அப்படி மாட்டவே கூடாது. கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா பெல்ட்டைப் போட்டுப் பாருங்க. பட்டை கழுத்துல உரசினா, உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் சீட் வேணும்னு அர்த்தம். அதுவும் முடியாதா? குறைஞ்சபட்சம் ஆளைக் குறைங்க. ஏழு சீட் வண்டின்னா பிள்ளைகளையும் சேர்த்து ஏழு பேர். மீதிப் பேர் அடுத்த தடவை. மேகமலை எங்கயும் போயிடாது.

பிள்ளையை உயர்த்தி உட்கார வச்சா இன்னொரு லாபமும் இருக்கு. "எனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னுதானே என் மருமகன் எந்திரிச்சான்? நாம "சீனரி சூப்பர்"னு சொல்லிக்கிட்டு வர்ற முழு நேரமும், பள்ளத்துல கிடக்கிற பிள்ளைக்குத் தெரியறது முன் சீட்டோட முதுகு மட்டும்தான். வாந்தி வர்றதும் இதனாலதான். காது உள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுறோம்"னு சொல்லுது, கண்ணு "ஆடல"ன்னு சொல்லுது, மூளை குழம்பிப் போகுது. அழுதா போனைக் கையில கொடுக்கிறோம். வளைவுல போனைப் பார்த்தா குழப்பம் இன்னும் கூடும். உயரமா உட்கார்ந்து ஜன்னல் வழியா தூரத்து மலையைப் பார்த்தா பாதி வாந்தி குறையும். எலுமிச்சம்பழம், கவர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இடத்தையும் குறைக்கணும். சின்னப் பிள்ளைக இருந்தா ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. நமக்கு அது ரீல்ஸ், ஒன்றரை வயசுக்கு அது பதினெட்டு தடவை தலை சுத்தல். பாதியில நிறுத்தணும், இறங்கி நிக்கணும், அது உச்சா போகணும், ஒரு கல்லைப் பொறுக்கிக்கிட்டு "இது என்னோடது"ன்னு சண்டை போடணும். அதுக்கெல்லாம் பிளான்ல நேரம் விடணும். ஏறின கியர்லயே இறங்கணும்கிறது டிரைவருக்கு, இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கணும்கிறது எல்லாருக்கும். மேல சிக்னல் சரியா கிடைக்காது, அவசரம்னா கீழதான் ஓடி வரணும். அது நாங்களே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

இன்னொண்ணு, அது காடு. 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை இந்தப் பக்கம் சுத்தினப்போ மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை விடல. மே 27-ஆம் தேதி அது கம்பம் ஊருக்குள்ளயே வந்துருச்சு. சுருளிக்கும் யானை வந்தா தடை போட்டுருவாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கணும், மலை ஏறாத இன்னொரு பிளானும் கையில இருக்கணும். கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில பிள்ளைகளை விட்டுப் பாருங்க, எந்த வியூ பாயிண்ட்டும் தோத்துப் போகும். லோயர் கேம்ப்ல பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கு. 2010 கடைசியில நின்னுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன்ல திரும்ப வந்துருச்சு. தேனியில ஏறி போடியில இறங்குங்க, மேற்கு மலை முழுக்க ஜன்னல்ல வரும்.

பிள்ளைகளுக்காக நம்ம சந்தோஷத்தை விட்டுடணும்னு நான் சொல்லல. நம்ம டூரோட லக்கேஜா பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறதை விட்டுடணும். நம்மள்ல பலர் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல முதல் சம்பளத்துல வண்டி வாங்குவோம். கலர், சன்ரூஃப், மியூசிக் சிஸ்டம் எல்லாம் கேட்டு வாங்குவோம். குழந்தை சீட் மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்க இருக்குன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. கல்யாணமே ஆகலையேன்னு சிரிக்காதீங்க. அக்கா பிள்ளைக இருக்காங்கல்ல?

தையல் பிரிச்சு ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப அதே ரோட்டுல போனோம். ஒரே இடம், மேகமலை மட்டும். அஞ்சு பெரியவங்க, ரெண்டு பிள்ளைக, ஏழு சீட்டு. சித்தப்பாதான் ஓட்டினார். ரெண்டு குழந்தை சீட்டுல ஒண்ணு புதுசு, ஒண்ணு அக்காவோட ஃப்ரெண்டு கொடுத்தது. அங்க ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவோட பேர் வச்சு போர்டு வச்சிருக்காங்க. இத்தனை வருஷம் அந்த ஊர்ல இருந்தும் நான் அதை ஒழுங்கா கவனிச்சதில்ல. ஓட்டைப் பல்லோட உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொரு வளைவுலயும், "மாமா, இது என்ன பூ?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். பாதிக்கு எனக்குப் பதில் தெரியல.

இந்த லீவுல உங்க வீட்டு குரூப்புலயும் பிளான் ஓடும். "மொத்தம் எத்தனை பேர்?"னு ஒரு கேள்வி வரும். அப்ப பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிப் பதில் போடுங்க.